மேல்மாடியில் மூடி வைத்த தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்த வெயிலில் அப்படி எழுதினால் எழுதுகிற பேனாவே நம்பாது, ஆகையால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மருமகளும் பாப்பாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உங்கள் ஊர்க் குளிர் உங்களை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், பாப்பாவுக்கு விழுந்த முன்பல் சீக்கிரம் முளைக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியவில்லை தம்பி. உன் சித்தி இப்போது மாடி வீட்டை விட்டு நம் வீட்டு முன்னறையில் உன் பழைய கட்டிலில் படுத்திருக்கிறாள், கண் மூடியிருந்தாலும் அவளுக்குக் காது தூங்காது, நான் பெருமூச்சு விட்டால்கூட எதற்கு விட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். வேர்வை சொட்டி மை ஊறின இடத்தில் நீயாகப் பார்த்துப் படித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நான் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கின அளவுக்குப் படித்தவள், ஆனால் என் ஞாபகத்தில் கோணல் கிடையாது, அது உனக்கே தெரியும். தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும், எதிர்வீட்டுத் தையல்காரி தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் படித்துவிடுவாள். படிக்கட்டும், தெருவே பார்த்த கதைதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தால் நீ பயந்துவிடுவாய். சித்திக்கு வெயில் தாக்கி, போன உயிர் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிறுநீரகம் நன்றாக அடி வாங்கியிருக்கு, குடிச்சுக்கிட்டே இருக்கணும், குடிக்கலைன்னா அடுத்த தடவை இங்க தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். இவள் என்னவென்றால் நான் கொடுக்கிற டம்ளரில் உதட்டை நனைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் மிச்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். தரை துடைக்கக் குனிந்தபோது பார்த்தேன், சுவரோரமாக நெருக்கி அடுக்கியிருக்கிறாள். போதாததற்கு மாடிக்குப் போகணும், மாடிக்குப் போகணும் என்று ஒரே நச்சரிப்பு. யார் சொன்னாலும் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். இதை என் கையால் எழுதும்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதே. எப்படியும் இல்லை. போன வாரம் நீ கூப்பிட்டு, சித்தி போனை எடுக்கலையே என்று கேட்டபோது சார்ஜர் கெட்டுவிட்டது என்று சொன்னேன், அது பொய், அப்போது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அவள் போன் மாடியில் சூட்டில் வயிறு ஊதிச் செத்துப்போயிருந்தது.

இங்கே வெயில் காலையில் வந்து மாலையில் போகிற விஷயமாக இல்லை. அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி வீட்டுக்குள்ளேயே படுத்துவிட்டது. சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கிறது. ஸ்விட்சு சுடுகிறது, தாழ்ப்பாள் சுடுகிறது, உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்து மறுபடி மாட்டினால் மூக்கில் சூடு போடுகிறது. கரண்ட் போனால் கொளுத்துவதற்கு மேசை இழுப்பறையில் வைத்திருந்த மெழுகுவத்திகள் எல்லாம் வளைந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடக்கின்றன, இந்த வீட்டுல அதுங்களாவது ஒத்துமையா இருக்கே என்றார் உன் அப்பா. அவருக்கு இப்போது ஒரு காதும் சரியாகக் கேட்பதில்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. முகம் கழுவின தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவின தண்ணீரில் கக்கூஸ், அந்த வரிசை எனக்குப் பழகிவிட்டது. தெருமுனை மரம் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு விறகு மாதிரி நிற்கிறது. அந்த மரத்தடியில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தாரே, உன் பள்ளிக்கூடத்து ஷூவுக்கு வார் போட்டுக் கொடுத்தவர், அவர் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து இறந்துபோனார். ஒரு தடவை என் செருப்பை வேறு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு அது உங்களுதா என்று என்னையே கேட்டவர், அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் நல்ல மனுஷர். தையல்காரி வந்து சொன்னபோது நான் என்ன கேட்டேன் தெரியுமா, லாரி வந்துடுச்சா என்று கேட்டேன். அவளும் இன்னும் இல்லைக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அன்றைக்கு முழுக்க அழுகை வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை, உடம்பில் மிச்சம் இருக்கிற ஈரத்தைக் கண்ணுக்குக் கொடுக்க உடம்புக்கே மனசில்லை போலிருக்கிறது.

நம் வீட்டுக் குழாய் விஷயம் ஒன்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த பழக்கம் அது. மோட்டார் ஸ்விட்சு கீழே நம் சமையலறையில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் அவள் தலைக்கு மேல் இருக்கிறது. பேச்சு இருந்த காலத்தில் படியில் நின்று, அக்கா மோட்டார் என்று குரல் கொடுப்பாள். பேச்சு நின்ற பிறகு குரலும் நின்றது, தொட்டி மட்டும் எங்கள் சண்டைக்காக நிறைந்து நிற்குமா. ஒரு நாள் குழாயில் டங் என்று சத்தம் கேட்டது. தொட்டியிலிருந்து இறங்குகிற இரும்புக் குழாய் அவள் குளியலறை வழியாக நம் சமையலறைச் சுவரில்தானே இறங்குகிறது, அவள் மேலே டம்ளரால் தட்டுகிறாள். எனக்குப் புரிந்தது, மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து டங் டங் என்று இரண்டு தட்டு. தொட்டி நிறைந்து வழிகிறது என்று அர்த்தம், நிறுத்தினேன். ஒரு தட்டுக்குப் போடு, இரண்டு தட்டுக்கு நிறுத்து. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அப்பா, ஊர்ல எல்லாரும் வாயால குடும்பம் நடத்துறாங்க, நீங்க ரெண்டு பேரும் குழாயால நடத்துறீங்க என்று சிரிப்பார். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது.

பேச்சு ஏன் நின்றது என்று நீ என்னிடம் கேட்டதில்லை, கேட்காமல் இருந்ததற்கு உனக்கும் காரணம் இருக்கும். நான் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தேன், நீ ஷூ போட்ட காலோடு சமையலறைக்குள் வந்து நின்றாய், தோளில் பை. உன் மேல் இருந்த சட்டை நான் வாங்கினதில்லை. சாம்பல் நிறம், மார்புப் பையில் மூடி வைத்துப் பொத்தான் போட்டது. அம்மா நான் கிளம்பறேன் என்றாய், எங்கே என்று கேட்டேன், கடல் தாண்டி என்றாய். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் அவள், பஸ் டிப்போவில் எழுத்து வேலை பார்த்தவள் ஆயிற்றே, பையை மாடியில் ஒளித்து வைத்தவள் அவள், சட்டை எடுத்தவள் அவள். உன் சித்தப்பா அப்போது உயிரோடு இருந்தார், அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது, சோப்பு நுரையோடு. சொன்னா நீ விட மாட்டே என்றாய். விட்டிருக்க மாட்டேன், வாஸ்தவம்தான். ஆனால் விடாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். நீ தெரு திரும்பினதும் அவள் படியில் நின்று, நல்லதுக்குத்தானே அக்கா என்றாள். அதற்குப் பிறகு நான் அவளோடு ஒரு சொல் பேசினதில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது, என் நீலக் குடையை இரவல் வாங்கிக் கம்பியை வளைத்துக் கொடுத்தவள், உனக்கு அம்மை போட்டிருந்தபோது கண்ணில் கறுப்புத் துணி கட்டு என்று எனக்கே பாடம் எடுத்தவள், எல்லாம் வரிசையாக இருக்கிறது என்னிடம். ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு முன்னால் அவளுக்குத்தான் கூப்பிடுகிறாய் என்பதும் தெரியும். மேலே நாற்காலி இழுபடும், அப்புறம் அவள் சிரிப்பாள், அது அடங்கின பிறகு இங்கே என் போன் அடிக்கும். நான் ஒன்றும் தெரியாத மாதிரி எடுப்பேன்.

சரி, அதை விடு. கிணறு வற்றி, குழாய்க் கிணறும் வற்றி, மோட்டார் போட்டால் வெறும் காற்று இருமுகிறது என்றதும் உன் அப்பா ஸ்விட்சு மேல் டேப் சுற்றி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு லாரித் தண்ணீர்தான். லாரிக்காரனுக்குத் தெருவில் முறைப்பான் என்று பெயர், குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாளியையும் அது அவன் சொந்த ரத்தம் மாதிரி முறைப்பான். வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு. மாடிக்குத் தனிப் பங்கு. அவள் தன் பங்கைத் தானே தூக்குவாள், அரை வாளி தூக்குவாள், படியில் உட்காருவாள், தூக்குவாள், உட்காருவாள். உன் அப்பா எடுக்கப் போனால், உங்க முதுகு உங்களுக்கே ஆகலை, என்னுதை எதுக்குத் தூக்கறீங்க மாமா என்று தள்ளிவிடுவாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரவர முகம் சுண்டிப்போய்ப் பிஞ்சிலே உலர்ந்த காய் மாதிரி ஆகிக்கொண்டு வந்தாள். ஒற்றை ஆள், பங்குத் தண்ணீரை என்னதான் செய்கிறாள் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்கிற பேச்சு இல்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் இதே தரையில் ஈரத்துணியை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். குழாயில் டங் டங் என்று சத்தம். இரண்டு தட்டு. முதலில் நான் கனவு என்று நினைத்தேன். மறுபடி டங் டங். தொட்டி நிறைந்துவிட்டதாம், நிறுத்தச் சொல்கிறாளாம். தொட்டியில் பல்லி முட்டையிட்டு வாழ்கிற காலத்தில், ஸ்விட்சு மேல் டேப் ஒட்டிக் கிடக்கும்போது, எனக்கு மேலிருந்து கிண்டல். ஒரு தட்டு தட்டியிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன், தண்ணீர் கேட்டுத் தட்டுகிறாள், நான் என்ன என் கண்ணிலிருந்தா பிடித்து ஊற்றுவேன், தட்டட்டும் என்று புரண்டு படுத்திருப்பேன். இரண்டு தட்டியதுதான் என்னைக் கிளப்பியது. இவ்வளவு நாள் வைத்திருந்த அத்தனையையும் இன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று, குடைக் கம்பியிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்துகொண்டு, நான் அந்தப் படியில் ஏறினேன். நீ போன நாளிலிருந்து நான் கால் வைக்காத படி. கைப்பிடி சுட்டது, தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே அடுப்பைத் திறந்த மாதிரி அனல். அவள் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள், கையில் டம்ளர், குழாயைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். முகம் செங்கல் நிறம், ஒரு சொட்டு வேர்வை கிடையாது, தொட்டால் கை சுடுகிறது. கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. வழியுது, வழியுது, வீணாப் போகுது, அக்காவை நிறுத்தச் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் காதில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது தம்பி. கிண்டல் இல்லை.

நான் தண்ணீரைத் தேடித் திரும்பினால், அந்த வீடு முழுக்கத் தண்ணீர். வாளி, பேசின், குண்டான், சோற்றுப் பானை, பூச்சாடிகூட, எல்லாம் நிறைய நிறைய, மேலே தட்டுப் போட்டு மூடி, தட்டு மேல் பழைய வாரப்பத்திரிகைக் கட்டை ஏற்றி வைத்திருக்கிறாள். ஒரு ஆள் சாகக் கிடக்கும்போதும் எனக்கு என்ன தோன்றியது பார், எப்படிப் பதுக்கியிருக்கிறா பாரு என்றுதான் தோன்றியது. தோன்றிக்கொண்டே முதல் வாளியை எடுத்து அவள் தலையில் ஊற்றினேன். அடுத்ததைக் கழுத்தில், அடுத்ததைக் காலில். யோசிக்கவில்லை, கை அதுபாட்டுக்கு ஊற்றியது. பூச்சாடித் தண்ணீர் வரைக்கும் ஊற்றித் தீர்த்தேன். தண்ணீர் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கித் தெரு வரைக்கும் போயிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் தையல்காரி ஓடி வந்தாள், என்னக்கா உங்க தொட்டி மட்டும் நிறைஞ்சிடுச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், இவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

உன் அப்பாவை உலுக்கி எழுப்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து இறக்கினோம். அதன் ஒரு கால் சூட்டில் ஏற்கெனவே வளைந்திருந்தது, படிக்குப் படி அது உடையுமா நாங்கள் உடைவோமா என்று பார்த்துக்கொண்டே வந்தோம். முந்தின நாள் வந்திருக்க வேண்டிய லாரி அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியது, எல்லாரும் வாளியோடு நின்றார்கள். தையல்காரி லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள். முறைப்பான், தண்ணி லாரியில ஆளை ஏத்தினா என் வேலை போயிடும்கா என்றான். ஏத்தலைன்னா ஆளே போயிடும், பக்கத்து சீட்டுல என்ன தண்ணியா பிடிச்சு வச்சிருக்கே, கதவைத் தொற என்றாள். திறந்தான். லாரி ஒரு சொட்டு இறக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போயிற்று. தெருவில் எல்லாரும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள், திட்டுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. நான் சித்திக்கும் முறைப்பானுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன், அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டு வந்தது, நனைந்த தலை, எனக்குத் தோள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

அவளுக்கு நினைவு வந்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, நான் பக்கத்து ஸ்டூலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்று ஒரு குரல் கேட்டது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. என்னைக் காப்பாத்தினீங்களே என்று சொல்லுவாள் என்று பார்த்தால், அக்கா, மேல இருக்கிற தண்ணியைத் தொட்டுடாதீங்க, பாப்பா வருது, குளிக்கணும் என்றாள். எந்தப் பாப்பா என்று கேட்டேன், ஜுரத்தில் உளறுகிறாளோ என்று. நம்ம பாப்பாதான், லீவுக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கான், வெந்து போயிடும் குழந்தை, அங்க தொட்டியில முங்கிக் குளிக்கிற குழந்தை என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். லாரி வந்த நாளெல்லாம் அவள் தன் பங்கில் வாய் நனைக்கிற அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பேத்திக்கு மூடி வைத்திருக்கிறாள். நீ வருகிற விஷயம் இந்தத் தடவையும் எனக்கு அவள் வாயால்தான் தெரிந்தது. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, பார்க்கலாம் சித்தி என்று சும்மா சொல்லியிருப்பாய், அவள் அதைப் பிடித்துக்கொண்டு வாளியை நிறைத்திருப்பாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன், அது வரவில்லை, வந்து உட்கார இங்கே இடம் இல்லை போல.

இப்போது முன்னறையில் இருக்கிறாள். அங்கே வெயில் நேராக விழாது, அடுத்த கட்டடத்துச் சுவர் மறைக்கிறது. பேசுகிறோமா என்றால் பேசவில்லை. அவள் கூரையைப் பார்த்து, யாராவது இந்த ஜன்னலைச் சாத்தினா அனல் குறையும் என்பாள். நான் அலமாரியைப் பார்த்து, சாத்திட்டா காத்துக்கு வேற வீடு பார்த்துக்கச் சொல்லணும் என்பேன். உன் அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, காது கேட்காத மனுஷர், என்ன சொன்னா, என்ன சொன்னா என்று இரண்டு பக்கமும் கேட்பார், கடைசியில் நான்தான் இந்த வீட்டுத் தபால்காரன், எனக்கு ஒரு சைக்கிளாவது வாங்கிக் குடுங்க என்றார். அவள் சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது, அப்படியும் சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன், நனைத்துக்கொண்டு வைத்துவிட்டாள். நேற்று கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று, தண்ணி தூசி விழுந்து கெட்டுப்போயிருக்கும், மூடியைப் பார்த்துட்டு வந்துடறேன் என்று படி வரைக்கும் போய்விட்டாள். தையல்காரியும் நானும் பிடித்துக் கொண்டுவந்து போட்டோம். மேலே ஒரு வாளியிலும் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் அவள் தலையில்தான் போயிற்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நான் பழி தீர்த்துக்கொண்டதாக நினைப்பாள், அதுகூடப் பரவாயில்லை, மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பிப்பாள், அதுதான் பயம். கட்டிலுக்கு அடியில் இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. பாப்பா இப்போது வரவில்லை என்று அவளிடம் சொல். நீ வருவதாக இருந்ததா, டிக்கெட் எடுத்தாயா, என்னிடம் எப்போது சொல்வதாக இருந்தாய், ஒன்றும் நான் கேட்கப்போவதில்லை. வருவதாக இருந்தால் வராதே. மழை பெய்து தொட்டி நிறைந்த பிறகு வா. உன்னை வராதே என்று எழுதுகிற கை இது, பார்த்தால் மற்ற வரிகளை எழுதின கை மாதிரியேதான் இருக்கிறது. பாப்பாவை நான் போட்டோவில் பார்த்ததோடு சரி, இன்னும் கொஞ்ச நாள் போட்டோவிலேயே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு அப்புறம், மேலே இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல், யார் தீர்த்தது என்று கேட்பாள், அம்மாதான் கொட்டினாள் என்றே சொல், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சமாளிக்காதே. கோபம் வரட்டும் அவளுக்கு. என்னைத் திட்டுவதற்கு ஆரம்பித்தாளென்றால் சீக்கிரத்தில் நிறுத்த மாட்டாள், தொண்டை காயும், குடிப்பாள். கீழேயே இருக்கச் சொல். என் வீடு என்று சொல்லாதே, உன் அறை என்று சொல், என் கட்டில்ல படுத்துக்க சித்தி என்று சொல், அப்போது இருப்பாள். கொடுக்கிற தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொல். நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லாதே.

மருமகளுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, குனிந்து குழந்தையைத் தூக்க விடாதே, நீ தூக்கு. பாப்பாவைக் காருக்குள் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் என்று கடைக்குப் போகிற வேலை வைத்துக்கொள்ளாதே, குளிர் நாடாக இருந்தாலும் சரி. நீ தண்ணீரைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிறவன், எனக்குத் தெரியும், தேய்த்துக்கொள், அங்கே இருக்கும்போது தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். உன் அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், நீ பேசுவது அவருக்குக் கேட்பதில்லை, இருந்தாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டால் தெம்பாக இருக்கிறதாம்.

உனக்கும் உன் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாகத் துலங்கட்டும், என் வாயில் கோபம் எவ்வளவு இருந்தாலும் உன் விஷயத்தில் நல்ல வாக்குதான் வரும். மறக்காதே, லாரி நாளைக்கு வருகிறது, நீ வேலைக்குக் கிளம்புகிற நேரம்தான் இங்கே லாரி வருகிற நேரம், அப்போது கூப்பிடு. நான் எடுத்ததும் சாப்பிட்டியாம்மா என்று ஆரம்பிக்காதே, சித்திகிட்ட குடு என்று முதலில் சொல். போனை அவள் கையில் வைத்துவிட்டு நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன், வரிசை நீளமாக இருக்கும், நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் உள்ளே வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா